இரைச்சல் இல்லாத ஊர்

நல்ல சிற்றலை வானொலிப் பெட்டிக்கு இலக்கணம் சொல்லும் புத்தகங்கள் உண்டு. ‘பாஸ்போர்ட் ரு வேர்ல்ட் பாண்ட் றேடியோ’ என்ற ஒன்று 1984 தொடக்கம் ஆண்டுதோறும் அமெரிக்காவில் வந்துகொண்டிருந்தது. சந்தைக்கு வரும் பெட்டிகளை வாங்கி, அளந்து பார்த்து, நட்சத்திரம் போடுவார்கள். மெலிந்த அலையைப் பிடிக்குமா, பக்கத்து நிலையத்தை ஒதுக்குமா, ஒரே நிலையம் டயலில் இரண்டு மூன்று இடத்தில் போலியாகத் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளுமா என்று கேள்விகள் போகும். 2009ஆம் ஆண்டுப் பதிப்போடு அந்தப் புத்தகம் நின்றது. வன்னியிலும் பலதும் நின்ற ஆண்டு அது. ஆனால் புத்தகம் எங்கள் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை என்பதால் அதற்காக யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

எங்களிடம் வேறோர் இலக்கணம் இருந்தது. பெட்டி எத்தனை பற்றறி தின்னும்? பெரிய பற்றறியா, சின்னதா? வெளியிலிருந்து கறண்ட் குடுக்க ஓட்டை இருக்கா? எத்தனை வோல்ற்? இதெல்லாம் சரிவந்தால்தான் அது என்னத்தைப் பிடிக்கும் என்று விசாரிப்பது. 1990 நடுவில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு கிளிநொச்சிப் பக்கம் மின்சாரம் போனது. போனது திரும்பிவர ஏறக்குறைய இருபது வருடம் எடுத்தது. பற்றறி, பொருளாதாரத் தடையில் கொண்டுவரக் கூடாத சாமான்களின் பட்டியலில் இருந்தது. சீமெந்து, யூரியா, மண்ணெண்ணெய், மெழுகுதிரி என்று நீண்ட அந்தப் பட்டியலை எழுதியவர் எவரோ, வானொலி கேட்பவர்களின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த மனிதர்.

சொனி ஐ.சி.எஃப். 2010 என்று ஒரு பெட்டி 1985 இல் வந்தது. சிற்றலைப் பைத்தியங்கள் இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதற்கு மூன்று பெரிய பற்றறியும் இரண்டு சின்னப் பற்றறியும் வேண்டும். இரண்டு சாதிப் பற்றறி! முள்ளியவளைச் சந்தையில் அந்தப் பெட்டியைச் சும்மா கொடுத்திருந்தாலும் ஐயா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

அந்தச் சொனி இப்போது என் தம்பியிடம் இருக்கிறது. அவன் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் நிறைய றேடியோ வைத்திருக்கிறான். குருண்டிக் சற்றலிற், 1976 இல் வந்த நஷனல் பனசொனிக் ஆர்.எஃப். 2200, சொனி 7600 வரிசையில் நாலைந்து, அதோடு சீனாவின் புதுப்பெட்டிகள். பழைய சாமான் விற்கிற இடங்களில் தேடித்தேடி வாங்கியவை. போன மாசிமாதம் ஒரு இரவு தொலைபேசி எடுத்தான்.

“அண்ணை, உங்களுக்கு விருப்பமான றேடியோ எது? ஒண்டு சொல்லுங்கோ, பாசல் போடுறன். கையில கொண்டு திரியிறதோ, மேசையில வைக்கிறதோ?”

மேசையில் வைக்கிற றேடியோவோடு எங்கள் வீட்டில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐயா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம், மின்சாரம் தாராளம். அந்தச் சம்பளத்தில் வாங்கிய பிலிப்ஸ் வால்வ் றேடியோ, துணி போர்த்தி, சாமிப்படத்துக்கு நேர் எதிரே இருந்தது. போட்டவுடன் பாடாது. வால்வ் சூடேற வேண்டும். பிறகு முகப்பில் பச்சைக் கண் ஒன்று திறக்கும்; நிலையம் சரியாக அகப்பட்டால் அந்தக் கண் ஒடுங்கும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் பாட்டு, திருச்சி வானொலியில் நாடகம், காலை ஏழேகாலுக்கு டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் செய்தி. வானொலி வைத்திருக்கத் தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுக்கவேண்டிய காலம் அது. ஐயா காசு கட்டிய துண்டுகளைப் பெட்டிக்கு அடியிலேயே வைத்திருந்தார், யாராவது வந்து கேட்பார்கள் என்று. ஒருத்தரும் வரவில்லை.

மின்சாரம் போனபிறகு பிலிப்ஸ் கொஞ்சக் காலம் மரியாதையோடு இருந்தது. பிறகு வால்வுகளையும் ஸ்பீக்கரையும் ஒருவர் கழற்றிக்கொண்டு போனார். வெறும் பெட்டிக்குள் கோழி அடைகிடந்தது. “இப்பதான் இதுக்குள்ளயிருந்து பிரயோசனமா ஏதும் வெளியில வருது” என்று அம்மா முட்டையை எடுத்துக்கொண்டு சொன்னா. செய்தி என்ற சாமானைப் பற்றி அம்மாவின் கருத்து கடைசிவரை அதுதான்.

அதற்குப் பிறகு வந்தது நஷனல். இரண்டு மூட்டை நெல்லுக்கு மாற்றிய கைமாற்றுப் பெட்டி. மத்திய அலை ஒன்று, சிற்றலை இரண்டு, தோல் உறை, தோளில் போட வார். நாலு பெரிய பற்றறி, ஒன்றுக்கு ஒன்றரை வோல்ற்படி மொத்தம் ஆறு. இந்த ஆறில்தான் எல்லாம் இருந்தது. சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற். சாதகம் பொருந்திவிட்டது என்று ஐயா சொன்னார். ஒன்பது வோல்ற் பெட்டியை வாங்கிய பக்கத்து வீட்டு மாமாவுக்கு அந்தப் பொருத்தம் அமையாமல் அது கடைசிவரை முனகிக்கொண்டுதான் கிடந்தது. மூன்று வோல்ற் பெட்டி வைத்திருந்தவர்கள் கதை இன்னும் மோசம். யாராவது உசாராக உழக்கிவிட்டால் பெட்டி புகைந்துவிடும்.

டைனமோவில் றேடியோ கேட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சைக்கிளைக் கவிட்டுவைத்துப் பெடலைச் சுற்றினோம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுவது மட்டும் போதாது. டைனமோ தருவது ஆடலோட்டம். அதை அப்படியே கொடுத்தால் றேடியோவில் ‘ங்ங்ங்’ என்ற மூசல்தான் செய்தியாக வரும். செத்த பெட்டிகளில் கழற்றிய நாலு டயோட்டைப் பாலமாகக் கட்டி, பின்னால் ஒரு பெரிய கொண்டென்சர் போடவேண்டும். அடுத்தது, சைக்கிளின் முன்லைற் பல்ப்பைக் கழற்றக் கூடாது. றேடியோ குடிக்கிற கறண்ட் மிகச் சொற்பம். டைனமோவுக்கு வேறு சுமை இல்லாவிட்டால் சில்லு வேகமாகச் சுழலும்போது வோல்ற் ஆறைத் தாண்டி எங்கேயோ ஏறிவிடும். பல்ப் எரிந்தால் அந்த ஏற்றத்தை அது வாங்கிக்கொள்ளும். வெளிச்சமும் கிடைக்கும். தொழிற்சாலைக்காரர் ஆனபடியால் ஐயாவுக்கு இது தெரிந்திருந்தது. சுற்றுகிறவர்களாகிய எனக்கும் தம்பிக்கும் வெளிச்சம் வந்ததுதான் தெரியும், அந்த வெளிச்சத்தில் பாடம் படிக்கச் சொன்னபடியால்.

“டேய், மெல்லமாச் சுத்து. முக்கியமான இடம் போகுது” என்பார். முக்கியமான இடத்தில்தான் எங்களுக்கும் வேகம் வரும். வேகம் கூடினால் பிபிசி தமிழோசையின் லண்டன்காரர் கத்துவார், குறைந்தால் கிணற்றுக்குள் இறங்குவார். ஆனந்தி சூர்யப்பிரகாசத்தின் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டால், அது தம்பி சுற்றும்போது ஒரு மாதிரி, நான் சுற்றும்போது ஒரு மாதிரி என்றுதான் சொல்லுவேன்.

பற்றறி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வவுனியாப் பக்கமிருந்து எப்படியோ வந்த எவரெடி ஒன்றிரண்டு, பலமடங்கு விலையில், தெரிந்த ஆட்களுக்கு மட்டும் கிடைக்கும். ஒருமுறை வாங்கிய பற்றறி எளிதில் சாகாது, சாக விடமாட்டோம். ரோச்லைற்றில் களைத்ததை றேடியோவுக்குப் போடுவது. றேடியோவிலும் களைத்தால் தகரக் கூரையில் வெயிலுக்குப் பரப்புவது. அதற்கும் மசியாவிட்டால் ஆணியால் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விடுவது. கடைசியாக, கொப்பி மட்டையைக் குழாயாகச் சுருட்டி, செத்தது ஏழெட்டை வரிசையாக அதற்குள் அடுக்கி, எல்லாருடைய கடைசி மூச்சையும் சேர்த்து ஆறு வோல்ற்றாக்குவது. இப்படி உயிர் கொடுத்த கூட்டம் தமிழோசை முடியும்வரை தாக்குப்பிடித்தால் அது பெரிய காரியம்.

தமிழோசை இரவு ஒன்பதேகாலுக்கு. இந்த ஒன்பதேகாலில் ஒரு வேடிக்கை உண்டு. 1996 மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்றார்கள். ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டையும் ஏற்கவில்லை. மிச்சம்பிடிக்க எங்களிடம் மின்சாரமும் இருக்கவில்லை. ஆகவே வவுனியாவில் தமிழோசை ஒன்பதே முக்காலுக்கு, ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒன்பதேகாலுக்கு. கல்யாண வீட்டு அழைப்பிதழில்கூட ‘பழைய நேரம்’ என்று போடவேண்டி வந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பிவந்தது. நாங்கள் பத்து வருடம் ஒரு நிமிடமும் அசையாமல் இருந்ததற்குக் கிடைத்த ஒரே வெற்றி என்று ஐயா அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்பது மணிக்கே ஆட்கள் முற்றத்தில் சேரத் தொடங்குவார்கள். பெண்கள் திண்ணையில், ஆண்கள் பாயில், இளந்தாரிகள் வேலியோரத்தில். றேடியோ இல்லாதவர்கள் படலைக்கு வெளியே நின்று, முடிந்தபிறகு “என்னவாம்?” என்பார்கள். இந்த ‘என்னவாம்’ அந்தக் காலத்தில் வணக்கத்துக்குப் பதிலாக இருந்தது. சைக்கிளில் எதிரே வருகிறவர் காலை ஊன்றாமலே “என்னவாம் பிபிசி?” என்று கேட்டுக்கொண்டு போவார்.

ஐயாவிடம் ஒரு கணக்கு முறை இருந்தது. கொழும்பு வானொலி சொன்ன எண்ணிக்கை ஒன்று. புலிகளின் குரல் சொன்ன எண்ணிக்கை ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி வைத்துக்கொண்டு, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். அருட்தந்தை ஜெகத் கஸ்பார் அங்கே தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த 90களின் பின்பாதியில் வெரித்தாஸுக்கு எங்கள் பக்கம் பெரிய மவுசு. அதையும் வாங்கிக் கொஞ்சம் ஏற்றி இறக்கிவிட்டு, ஒன்பதேகால்வரை காத்திருப்பார். லண்டன் சொன்னால் சரி. லண்டன் பெரும்பாலும் என்ன சொல்லும் என்றால், இரு தரப்பும் சொல்வதைச் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை என்று சொல்லும்.

1996 செப்ரெம்பர் கடைசியில் கிளிநொச்சி விழுந்தபோது நாங்கள் அக்கராயன் பக்கம் ஒரு தறப்பாளுக்குள் இருந்தோம். வீட்டைவிட்டு வந்து கிழமைக்கணக்கு. வெளிக்கிட்டதற்குக் காரணமான செல் எங்கள் பின்வளவுத் தென்னைக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அதன் துண்டு ஒன்று ஐயாவின் சாரத்தில் ஓட்டை போட்டிருந்தது. அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, தறப்பாளுக்குள் நஷனலைக் காதில் வைத்தபடி, “சண்டை ஊருக்கு வந்திட்டுதெண்டு ஆரும் உறுதியாச் சொல்லேல்லை” என்றார். அம்மா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினா. அன்றிரவு லண்டன் சொன்னபிறகுதான் வீட்டுத் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்.

இடம்பெயரும்போது எதை எடுப்பது என்பதில் எங்கள் குடும்பத்தில் சண்டை வந்ததில்லை. அரிசி, பத்திரங்கள், தறப்பாள், நஷனல். லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அம்மா, அம்மாவின் மடியில் றேடியோ. பொருளாதாரப் புத்தகத்தில் பெறுமதி என்று ஏதேதோ சொல்வார்கள். ஒரு பொருளை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை தரம் தூக்கிக்கொண்டு போகச் சம்மதிப்பீர்கள் என்பதுதான் நான் கண்ட பெறுமதி. மேசை றேடியோ அந்த இடத்தில் அடிபட்டுப்போகும். பொக்கற் றேடியோவும் சரிவராது. அதன் அந்தனா கட்டை, குரலும் மெலிவு. முற்றம் நிறைந்த கூட்டத்துக்குக் காணாது. தோளில் போடக்கூடிய, ஆறு வோல்ற், முள் ஓடுகிற டயல். முள் முக்கியம். இலக்கம் காட்டும் பெட்டிகளில் பற்றறியைக் கழற்றினால் சேமித்துவைத்த நிலையங்கள் அழிந்துபோகிற வழக்கம் இருந்தது. எங்கள் நஷனலின் கண்ணாடியில் தமிழோசைக்கு அம்மாவின் நகப்பூச்சால் ஒரு புள்ளி, வெரித்தாஸுக்கு ஒரு புள்ளி. எத்தனை இடம் பெயர்ந்தாலும் அழியாத நினைவகம்.

பருவத்துக்குப் பருவம் நிலையங்கள் மீற்றரை மாற்றும். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஒருநாள் இரவு புள்ளியில் யாரோ அராபி பேசுவார். அன்றைக்கு முற்றத்தில் ஒரு பதற்றம் வரும். ஐயா மெல்ல முள்ளைத் தள்ளித்தள்ளி, 31 மீற்றரில் தொலைந்ததை 41 இல் கண்டுபிடிப்பார். திருகோணமலையில் ஜேர்மன் வானொலி பெரிய அஞ்சல் நிலையம் ஒன்று வைத்திருந்தது. அதன் பலத்தில் மலிவுப் பெட்டிகள் திக்குமுக்காடி, டயலில் கேட்கிற இடமெல்லாம் ஜேர்மன் பாஷையாக இருக்கும். நஷனல் அதற்கு அசையவில்லை. வேறெந்தச் சான்றிதழும் அதற்கு எங்களிடம் இல்லை.

அந்தனாவுக்கு, எரிந்துபோன நீர் இறைக்கும் மோட்டரிலிருந்து உரித்த செப்புக் கம்பி. கிணற்றடியிலிருந்து வேலிக்கரைப் பாலை மரம்வரை இழுத்துக் கட்டியது. எர்த்துக்கு ஒரு உடைந்த மண்வெட்டி, ஈரமான இடத்தில் புதைத்தது. பங்கருக்குள் இருக்கும்போது பனங்குற்றிக்கும் மண்மூட்டைக்கும் கீழே அலை வராது; கம்பியின் ஒரு நுனியை உள்ளே இறக்கிப் பெட்டியின் அந்தனாவில் சுற்றிவிடுவோம். கிபிர் விமானம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது, கிபிர் சுற்றுவதாக லண்டன் சொல்கிறதா என்று கேட்கவேண்டும் அல்லவா.

கேட்டது எப்படிக் கேட்டது என்பதுதான் நான் சொல்லவந்த விஷயம். துல்லியமாகக் கேட்டது. பின்னணியில் ஒரு கீறல் இல்லை. இரவு பத்து மணிக்குமேல் முள்ளைச் சும்மா ஓட்டினால் மொஸ்கோ, பீக்கிங், கெய்ரோ, இரண்டு நிலையங்களுக்கு நடுவே யாரோ ஒருவர் தட்டும் மோர்ஸ் சத்தம்வரை கேட்கும். அன்றைக்கு அதை நஷனலின் கெட்டித்தனம் என்று நினைத்தோம். தம்பிதான் பிறகு விளக்கினான். சிற்றலைக்கு முதல் எதிரி மனிதனின் மின்சாரம். கம்பியில் ஓடும் கறண்ட், டியூப் லைற், மோட்டர், டிவி, கொம்பியூட்டர், சார்ஜர், எல்லாமே இரைச்சல் கக்கும். வன்னி முழுக்க அதில் ஒன்றுகூட இருக்கவில்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைவரை, இலட்சக்கணக்கான சனம் இருந்தும், மின்சாரக் கம்பி வழியே ஒரு சொட்டுக் கறண்ட் ஓடவில்லை. வசதி படைத்த வானொலிப் பைத்தியங்கள் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாலைவனத்துக்கும் நடுக்கடல் தீவுக்கும் செலவழித்துப் போகிறார்களாம். எங்களுக்கு அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தார்கள். பட்டியலில் பற்றறியைச் சேர்த்த அந்த மனிதருக்குத் தான் உலகின் மிகத் துப்புரவான சிற்றலையை எங்களுக்கு அன்பளிப்புச் செய்கிறேன் என்று தெரிந்திருக்காது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 திறந்தது. கிளிநொச்சியில் ஒரு மாதத்துக்குள் கடைகள் முளைத்தன. பற்றறி பெட்டி பெட்டியாக, சீனத்து றேடியோக்கள் மரவள்ளிக்கிழங்கு விலைக்கு. அந்த நேரம் பார்த்து யாருக்கும் றேடியோ தேவைப்படவில்லை. எல்லாரும் ஜெனரேற்றரும் டிவியும் வாங்கினார்கள். ஜெனரேற்றர் போட்ட வீட்டுக்குப் பக்கத்தில் நஷனல் முதல்முறையாகக் கரகரத்தது. தம்பி கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடா போனான். ஐயா நஷனலைத் துடைத்து அலுமாரிக்கு மேலே வைத்தார். 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடியது. மூன்றாம் நாள் நஷனல் கீழே இறங்கிவிட்டது, பற்றறி விலை மேலே ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; இன்னும் எழுதவேண்டியவர்களும் இருக்கிறார்கள். றேடியோவைப் பொறுத்த அளவில் ஒன்று மட்டும். 2009 பெப்ரவரியில், இலங்கை வானொலி வழியாக எஃப்.எம்மில் போன பிபிசி நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நடக்கிறது என்று சொல்லி லண்டன் அந்த ஏற்பாட்டை நிறுத்தியது. சிற்றலையை யாராலும் நிறுத்தமுடியவில்லை. அது சிங்கப்பூரிலும் வேறெங்கோ தூரத்திலும் இருந்து வந்தது. நாங்கள் அதை மாத்தளன்வரை கொண்டுபோனோம். அங்கேயிருந்து வெளிக்கிட்டபோது மடியில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இப்போதைக்கு வருகிறேன். வீட்டில் கறண்ட் இருக்கிறது. கூரையில் சோலர் தகடு இருக்கிறது. அறைக்கு ஒரு எல்.ஈ.டி பல்ப், ஆளுக்கு ஒரு சார்ஜர், மூலையில் ரவுட்டர். தண்ணீர் மோட்டர் தானாக ஓடித் தானாக நிற்கும். ஐயா கடைசிக் காலத்தில் வாங்கிய சின்னச் சொனி ஒன்று என்னிடம் இருக்கிறது. நஷனலைவிட எவ்வளவோ மேலான பெட்டி. இரவு போட்டால் அதில் முதலில் கேட்பது எங்கள் வீட்டு பல்ப்பின் இரைச்சல். வீட்டு மெயின் சுவிச்சை நிறுத்தினால் பக்கத்து வீட்டுச் சோலரின் இரைச்சல். முற்றத்தைத் தாண்டி வயற்கரைக்குக் கொண்டுபோனால், நொடிக்கு ஒன்றாக ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். அது யானை வேலி. யானை வராமல் இருக்கக் கட்டிய மின்வேலியின் துடிப்பு. யானைகள் அதை மதிக்காமல் மரத்தைத் தள்ளி விழுத்திவிட்டு உள்ளே வருகின்றன. சிற்றலை மட்டும் அதைத் தாண்டி வருவதில்லை.

வந்தாலும் வருவதற்கு ஆளில்லை. 1941 இல் தொடங்கிய லண்டன் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆம் திகதி சிற்றலையில் விடைபெற்றது. அடுத்த வருட நடுவில் வெரித்தாஸும் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. இரணவிலவில் இருந்த அமெரிக்க நிலையமும் திருகோணமலை ஜேர்மன் நிலையமும் அதற்கு முன்பே கதையை முடித்துக்கொண்டன. லண்டனின் குரலை இந்தப் பக்கம் அனுப்பிய சிங்கப்பூர் கிராஞ்சி நிலையம் 2023 இல் நிறுத்தப்பட்டது. இப்போது முள்ளை ஓட்டினால் சீனா பலமாக விழுகிறது, கிறிஸ்தவப் பிரசங்கம் தெளிவாக விழுகிறது. இரண்டுமே நான் மனந்திரும்பும்வரை ஓயாது போலிருக்கிறது. ஐயா 2017 இற்கு முன்னமே போய்விட்டார். கொடுத்துவைத்தவர்.

2022 இல் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல் வரவில்லை; மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கொழும்பில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், பட்டதாரி, வங்கி அதிகாரி, தொலைபேசியில் “சேர், ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்யிறது?” என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். அன்றிரவு சொனியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். பல வருடத்துக்குப் பிறகு இரைச்சல் இல்லை. முள் ஓட ஓட மூலையில் கிடந்த நிலையங்கள் எல்லாம் எழும்பி வந்தன. மணி ஒன்பதேகால், நாடு முழுக்க ஒரே ஒன்பதேகால். தமிழோசை இருந்த இடத்தில் ஒருவர் இந்தியில் பயிர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாட்டின் மின்சாரம் முழுவதையும் நிறுத்திவைத்தது. அமைச்சரே சொன்னார். முழுநாட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வன்னியாக்கிய அந்தக் குரங்கின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது பட்டப்பகல். பகலில் சிற்றலைக்கு அவ்வளவு உயிர் இல்லை. குரங்குக்கு ஆர்வம் இருந்தது, நேரம் தெரியவில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லத் தம்பி என்னை விடவில்லை. அவனிடம் திட்டம் இருந்தது.

“அண்ணை, இங்க ஸ்காபரோவில ஒண்டும் கேக்காது. சுத்திவர கொண்டோ, ஒரே இரைச்சல். நான் இப்ப இன்ரநெற்றாலதான் கேக்கிறன். வேற வேற நாட்டில ஆக்கள் றேடியோவை இணையத்தில பூட்டி விட்டிருக்கினம், அதுக்குள்ள போய் நாங்கள் முள்ளைத் திருப்பலாம். அப்படி ஒண்டை உங்கட வளவில வைப்பமே? பாலை மரத்தில அந்தனா கட்டுங்கோ. அங்கதான் இரைச்சலே இல்லையே!”

அவனுடைய தலைக்குள் வன்னி இன்னும் 1997 இல் நிற்கிறது. அந்த இருட்டும் பாலை மரமும் நஷனலும் அப்படியே இருக்கின்றன. நல்ல இருட்டாக இருந்தால்தான் அவனுக்கு லண்டனும் மொஸ்கோவும் கேட்கும். அதற்காக நான் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு இருக்கவேண்டும். பாலை மரம் போன இடத்தில் இப்போது தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“சரி, அப்ப றேடியோ ஒண்டாவது சொல்லுங்கோ. ரெக்சன் பி.எல். 330 எண்டு ஒண்டு இருக்கு. உள்ளங்கையளவு. நோக்கியா போனுக்குப் போடுற பற்றறிதான், உங்க பெட்டிக்கடையிலயும் கிடைக்கும். இல்லாட்டிப் பெரிசு வேணுமெண்டா ஆர்.எஃப். 2200 தாறன். நாலு பெரிய பற்றறி, ஆறு வோல்ற், முள்ளு.”

ஆறு வோல்ற் என்றதும் எனக்கு வாய் ஊறியது உண்மை. நஷனலின் தமையன் மாதிரியான பெட்டி அது. ஆனால் ஸ்காபரோவிலிருந்து கிளிநொச்சிக்கு அந்தப் பாரத்துக்குப் பாசல் கூலியும், கொழும்பில் சுங்கமும் கட்டி எடுத்தால், யானை வேலியின் டிக் டிக் இன்னும் அழகாகக் கேட்கும் என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை. என் மகன் பக்கத்தில் இருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய போனில் உலகத்து நிலையமெல்லாம் இருக்கிறது. அவன் ஒன்றும் கேட்பதில்லை. “நோக்கியா பற்றறி எண்டா என்ன?” என்றான்.

“அப்ப உங்களுக்கு ஒண்டும் வேண்டாமோ?”

“வேணும். டைனமோ ஒண்டு அனுப்பு. இங்க இப்ப வாங்கேலாது.”

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தேடிப்பார்த்துச் சொல்கிறேன் என்றான். இரண்டு நாள் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது. டைனமோ இருக்கிறதாம், ஜேர்மனியில் செய்தது, ஆறு வோல்ற், மூன்று வற். ஆனால் பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்குள் அதற்குக் கடும் போட்டியாம், ஆர்.எஃப். 2200 இன் விலைக்குக் கிட்ட வந்துவிட்டதாம். ஏலத்தில் நிற்கட்டோ, விடட்டோ என்று கேட்டிருந்தான். நில் என்று எழுதினேன்.